பிரதேச சபையிலிருந்து பத்திக்கும் விருந்து மேடைக்கும்

கேள்வி: நுவரெலியா மாவட்டத்தில் 2018 முதல் 2023 மார்ச்சில் சபை கலையும் வரை பிரதேச சபை உறுப்பினராக இருந்தேன். 2025 தேர்தலில் நிற்கவில்லை, இனி நிற்கும் எண்ணமும் இல்லை. வாரப் பத்திரிகை ஒன்று பத்தி எழுதச் சொல்கிறது. பழைய மாணவர் சங்கம், லயன்ஸ் கழகம் என்று இராவிருந்துகளில் பேசவும் கூப்பிடுகிறார்கள். மேடை பழக்கம்தான், எழுத்துத்தான் புதிது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

பழகிய மேடையில் பாதியை முதலில் மறக்க வேண்டியிருக்கும். தேர்தல் மேடைக்கு முன்னால் நிற்பவர் கொடி பிடித்து லொறியில் வந்தவர். தண்ணி, ரோட்டு, லயத்துக் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டுக்) கூரை என்று நீங்கள் வாயெடுத்தாலே கைதட்டுவார். விருந்து மேசையில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒரு பகுதி வேறு தொழிற்சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவர்கள், இன்னொரு பகுதி எந்தச் சங்கத்துக்கும் கட்டாதவர்கள். பத்தியை வாசிப்பவரோ உங்கள் பெயரையே பார்க்காமல் தலைப்பைப் பார்த்து வாசிப்பார். இவர்கள் யாருக்கும் உங்கள் கொள்கை வேண்டாம். ஒரு தெரு எப்படி மதிப்பீடாகிறது, எந்த மேசையில் நின்றுபோகிறது, எந்தக் கையெழுத்துக்காகக் காத்துக் கிடக்கிறது என்பதை ஐந்து வருஷம் பக்கத்திலிருந்து பார்த்தவர் நீங்கள். கொழும்பிலிருந்து வரும் நிருபரிடம் அது இல்லை. உங்கள் கையிருப்பு அவ்வளவுதான், ஆனால் அது பெரிய கையிருப்பு.

ஓர் உதாரணம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்படும் வரை, தோட்ட எல்லைக்குள் சபையின் பணத்தைச் செலவழிக்கச் சட்டத்திலேயே தடை இருந்தது. வாக்குக் கேட்க லயத்துக்குப் போகலாம், வென்ற பிறகு அந்த லயத்துக்குப் போகும் பாதைக்குச் சபை நிதியில் கல் போட முடியாது. அந்தத் திருத்தம் வந்தபோது சபையில் இருந்தவர் நீங்கள். அதற்குப் பிறகும் ஏன் பல தோட்டங்களில் வேலை நகரவில்லை, தோட்டக் கம்பனியின் இணக்கக் கடிதம் எங்கே தேவைப்பட்டது, சபைக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று எழுதினால் நாலு பத்தி தாராளமாக வரும். “நான் கொண்டுவந்த அபிவிருத்தி” என்று எழுதினால் ஒன்றுகூடத் தேறாது.

இந்தப் பாதையில் முன்னால் போனவர்கள் உண்டு. கோ. நடேசய்யர் பத்திரிகையிலிருந்து அரசியலுக்குப் போனவர். 1920களில் ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ நடத்தி, 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போனார். சி.வி. வேலுப்பிள்ளை எதிர்த்திசை. 1947இல் தலவாக்கலையில் வென்று பாராளுமன்றம் போனார். 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையும் அடுத்த வருஷம் வாக்குரிமையும் பறிபோன பிறகு, 1952இல் திரும்பிப் போகத் தொகுதியில் தோட்டத்து வாக்காளர்கள் அநேகமாக மிஞ்சவில்லை. அதன்பின் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார், இதழ் நடத்தினார், தோட்டத்துப் பாட்டுக்களைத் தேடிச் சேர்த்தார். அவருடைய எழுத்தில் உறுப்பினராக இருந்தவரின் மிடுக்கு தலைகாட்டாது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களமும், கணக்கப்பிள்ளையும், பேர் போடுகிற, அதாவது நாள்வேலையைக் குறிக்கிற கைப்புத்தகமும்தான் இருக்கும். ஒரு மாதத்துக்கு வேறெதையும் வாசிக்காமல் அவரை வாசியுங்கள். எதை எழுதினார் என்பதைவிட எதை எழுதாமல் விட்டார் என்பதைக் கவனியுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். ஒரே விஷயத்தை எடுத்து, அது பத்தியில் எப்படி வரும், விருந்தில் எப்படி வரும் என்று பார்த்தால் வித்தியாசம் விளங்கும். கொங்கிரீட் போட்ட தோட்டப்பாதை என்று வைத்துக்கொள்வோம்.

100 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 10 சென்ரிமீற்றர் தடிப்பு. பெருக்கினால் 30 கன மீற்றர். ஒன்றுக்கு இரண்டு மணல், நாலு கல் என்ற கலவையில் ஒரு கன மீற்றருக்கு ஏறத்தாழ 6 முதல் 6.5 மூட்டை சீமெந்து போகும், மூட்டை 50 கிலோ. ஆக 180 முதல் 195 மூட்டை. அதே பாதையை 7.5 சென்ரிமீற்றரில் போட்டால் 22.5 கன மீற்றர்தான். குறைந்தது 45 மூட்டை மிச்சமாகும். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டுகிறவருக்கும் தெரியாது. பாதையின் ஓரம் உடைந்த இடத்தில் அளவுகோலை வைத்தால் தெரியும். ஒரே இடத்தில் அளந்துவிட்டு எழுதக்கூடாது. அடித்தளம் மேடுபள்ளமாக இருந்தால் ஓரிடத்தில் 7, இன்னோரிடத்தில் 11 என்று வரும். ஐந்தாறு இடத்தில் அளந்து, இடத்தையும் அளவையும் குறித்து, அளவுகோல் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள்.

தடிப்புச் சரியாக இருந்தும் பாதை வெடிக்கும், அதையும் எழுத வேண்டும். மலைச்சரிவில் மேல்பக்கம் கான் (வடிகால்) வெட்டாமல் விட்டால் மழைத்தண்ணி கொங்கிரீட்டுக்கு அடியில் ஓடி மண்ணை அரித்துவிடும், பலகைபோல் அந்தரத்தில் நிற்கிற கொங்கிரீட் கொழுந்து லொறி ஏறிய அன்று முறியும். போட்ட பிறகு ஏழு நாளாவது ஈரச்சாக்குப் போட்டு நனைக்க வேண்டும். மறுநாளே வெயிலில் காயவிட்டு மூன்றாம் நாள் வாகனம் விட்டாலும் முறியும். பாதை கெட்டுப்போனால் களவு என்றே எழுதிவிடுவது மேடைக்காரனின் அவசரம். பாதிக் காரணம் கானாக இருக்கும்.

பத்தியில் இந்தக் கணக்கு முழுவதும் வரலாம், வர வேண்டும். வாசிப்பவர் பென்சிலை எடுத்துத் தன் தோட்டத்துப் பாதையைக் கணக்குப் பார்க்கட்டும். விருந்தில் இதைச் சொன்னால் மூன்றாவது இலக்கத்தில் கரண்டிச் சத்தம் எழும்பும். அங்கே இவ்வளவுதான்: “ஒரு அங்குலம்தாங்க குறைஞ்சிச்சு. நாப்பத்தஞ்சு மூட்டை சீமெந்து காணாமப் போயிருச்சு.” பத்தி பத்து இலக்கம் தாங்கும், விருந்து ஒன்றைத் தாங்கும். மேடைப் பேச்சை எழுத்தாக்கி அனுப்புவதும், எழுதிய பத்தியை எடுத்துவந்து விருந்தில் வாசிப்பதும் முன்னாள் உறுப்பினர்கள் வழக்கமாகச் செய்கிற இரண்டு பிழைகள்.

ஆவணம் எடுப்பது எப்படி? செயலாளரின் மேசையில் கோப்பைப் புரட்டிய காலம் முடிந்துவிட்டது. பழைய பழக்கத்தில் தெரிந்த உத்தியோகத்தரிடம் இரகசியமாகப் பிரதி வாங்கினால், சிக்கல் வரும்போது மாட்டுவது அவர்தான். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. தமிழிலேயே விண்ணப்பிக்கலாம், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. “ஏன் தரமாகப் போடவில்லை” என்று கேட்காதீர்கள். சட்டம் கொடுக்கச் சொல்வது கையிலிருக்கும் ஆவணத்தைத்தான், விளக்கத்தை அல்ல. இன்ன பாதையின் பொறியியல் மதிப்பீடு, அளவீட்டுத் தாள், கொடுப்பனவு வவுச்சர், சபைத் தீர்மானத்தின் பிரதி என்று நாலையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். வட்டாரத்தின் எல்லா வேலைகளின் எல்லாக் கோப்பையும் கேட்டால் அது மூலையில் கிடக்கும். கையில் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள், தபாலில் என்றால் பதிவுத் தபால். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அல்லது பதிலே வராவிட்டால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு. அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போக இரண்டு மாதம் இருக்கிறது. அதனால்தான் இன்று கேட்டது அடுத்த வாரப் பத்திக்கு உதவாது. எந்த நேரமும் மூன்று நான்கு விண்ணப்பம் வெளியே ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

முதல் பத்தியைக் கொடுப்பதற்கு முன் நாலு பத்தி எழுதி வைத்திருங்கள். எல்லோருக்கும் முதல் மூன்று வாரம் சுலபமாக வரும், நாலு வருஷமாக மனதில் கிடந்தது கொட்டிவிடும். ஐந்தாம் வாரம் கை காய்ந்து, முந்தின நாள் செய்திக்குக் கருத்துச் சொல்கிற பத்தியாகிவிடும். அப்படிப் பத்தி எழுத ஊரில் ஏற்கெனவே ஆள் அதிகம்.

நீளம் 600 முதல் 700 சொல். “மலையக மக்கள் இருநூறு வருடங்களாக...” என்று ஆரம்பிக்காதீர்கள். பாதிப் பத்திகள் அப்படித்தான் ஆரம்பிக்கின்றன, வாசகர் அந்த வரியைத் தாண்டித்தான் வாசிக்கத் தொடங்குகிறார். முதல் வாக்கியத்திலேயே ஓர் இடமும் ஒரு பொருளும் இருக்கட்டும். “உரிய அதிகாரிகள் கவனத்தில் எடுக்க வேண்டும்”, “நடவடிக்கை மேற்கொள்ளப்பட வேண்டும்” போன்றவை உங்கள் கையில் தன்னால் வரும், சபையில் ஐந்து வருஷம் அதைத்தான் பேசியிருப்பீர்கள். எழுதி முடித்த பிறகு அவற்றைத் தேடி அடியுங்கள். யார் செய்ய வேண்டியது, தவிசாளரா, செயலாளரா, தொழில்நுட்ப உத்தியோகத்தரா, தோட்ட முகாமையாளரா என்று பதவியைச் சொல்லுங்கள். பதவி தெரியாவிட்டால் விஷயம் இன்னும் உங்களுக்கே விளங்கவில்லை என்று பொருள்.

தோட்டத்துச் சொல்லை வெட்கப்படாமல் எழுதலாம். அரைப்பேர், கைக்காசு, பெரட்டு, காம்பரா எல்லாம் நம் வாசகருக்கு விளக்கம் தேவையில்லாதவை. வடக்குக்கும் போகிற பத்திரிகை என்றால் முதல் தடவை அரை வரியில் சொல்லிவிடுங்கள்: நிர்ணயித்த கிலோ வராவிட்டால் பாதிச் சம்பளம், அதுதான் அரைப்பேர்.

இலக்கங்களில் மேடைப் பழக்கம் மிகவும் ஆபத்தானது. 1948இன் 18ஆம் இலக்கச் சட்டம் பறித்தது குடியுரிமையை. வாக்குரிமை போனது 1949இல் வந்த தேர்தல் சட்டத் திருத்தத்தால். மேடையில் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவோம், அச்சில் அப்படி விட்டால் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடமிருந்து கடிதம் வரும், அது நியாயமும்கூட. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், குடியுரிமை இல்லாதவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ள. அந்த மிச்சத்தை 1974இல்தான் சரிபாதியாகப் பிரித்தார்கள். 2021இல் வந்த ஆயிரம் ரூபா நாட்சம்பளம் என்பது அடிப்படை 900, வரவுசெலவுப் படி 100. பிரித்து எழுதுங்கள். எத்தனை கிலோவுக்கு அந்தப் பேர் என்பதையும் பக்கத்தில் போடாவிட்டால் சம்பளத் தொகை தனியாக ஒன்றும் சொல்லாது. கிலோ தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், அதனால் எந்தத் தோட்டம், எந்த மாதம் என்று குறிப்பிடுங்கள்.

பத்தியின் அடியில், நீங்கள் எந்தக் கட்சியின் சார்பில் எந்த ஆண்டுகளில் உறுப்பினராக இருந்தீர்கள் என்று ஒரு வரி ஒவ்வொரு வாரமும் வர வேண்டும். ஆசிரியர் பீடம் இடமில்லை என்றாலும் கேட்டு வாங்குங்கள். நீங்கள் கையுயர்த்தி நிறைவேற்றிய வேலையைப் பற்றி எழுதினால் அந்த விவரம் அடியில் போதாது, உள்ளே, மேலேயே வர வேண்டும். விட்டுவிட்டால் அந்தக் கூட்டத்துப் படத்தைப் பழைய சகா ஒருவர் வட்சப் குழுவில் போடுவார், பத்தி செவ்வாய்க்கிழமையே செத்துவிடும். இங்கே சங்கமும் கட்சியும் ஒன்றாகக் கிடப்பதால் இன்னொன்று: கட்சியை விட்டேன் என்று சொல்லிக்கொண்டு சங்கத்தில் பொறுப்பு வைத்திருக்காதீர்கள். பதவியில் இருந்தபோது மக்கள் உங்களிடம் கொண்டுவந்த கடிதமும் குடும்ப விவகாரமும் பத்திக்கோ விருந்துக்கோ உரியவை அல்ல, பெயரை மாற்றினாலும்கூட. தோட்டத்தில் பெயர் மாற்றினால் யாருக்குத்தான் தெரியாது?

சட்டப் பக்கம் சுருக்கமாக. குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டது, மானநட்ட வழக்கு இன்னும் இருக்கிறது. பாராளுமன்றத்தில் பேசுகிறவருக்கு இருக்கிற சிறப்புரிமை பத்தியாளருக்கு இல்லை. ஒருவரைப் பற்றிக் குறை எழுதினால், அச்சுக்குப் போகுமுன் அவரிடம் கேள்வியை எழுத்தில் அனுப்பி, நியாயமான அவகாசம் கொடுத்து, பதில் வராவிட்டால் வரவில்லை என்றும் எழுதுங்கள். அதே பத்தியை முகநூலில் போடும்போது 2024இன் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் சேர்ந்துகொள்கிறது. தேத்தண்ணிக் கடையில் பேசுவதுபோல் அங்கே ஒரு வரி கூட்டி எழுதாதீர்கள்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்பவரானால் யூனிகோட்டுக்கு மாறிவிடுங்கள். மாற்றி அனுப்பும்போது சில எழுத்துகளும் மேற்கோள் குறிகளும் சிதைந்து அச்சில் பல்லிளிக்கும்.

இனி விருந்து. இங்கே “விருந்துக்குப் பின் பேச்சு” என்பதே பாதி பொய். நம் ஊரில் சாப்பாடு முடிந்தது என்றால் நிகழ்ச்சியும் முடிந்தது. கை கழுவியவர் மழைக்கு முன்னால் தோட்டத்துக்குப் போக வேண்டும், வான்காரர் ஹோர்ன் அடிப்பார். அதனால் கூப்பிடுகிறவரிடம் நாலு கேள்வி கேட்காமல் ஒத்துக்கொள்ள வேண்டாம். சாப்பாடு மேசைக்கு வருகிறதா, போய் எடுப்பதா? குடிவகை உண்டா? எத்தனை பேர், குழந்தைகள் இருப்பார்களா? உங்களுக்கு முன் எத்தனை பேச்சு?

போய் எடுக்கிற சாப்பாடு என்றால், ரோல்ஸ், கட்லட் வந்து முடிந்து சோறு திறப்பதற்கு முந்திய இடைவெளியில் பேச்சைப் போடச் சொல்லுங்கள், பத்து நிமிஷத்துக்கு மேல் போகாதீர்கள். உங்களுக்கும் புரியாணிக்கும் போட்டி வந்தால் யார் ஜெயிப்பது என்று தெரியும்தானே. நுவரெலியா ஹில் கிளப் போன்ற இடத்தில் மேசைக்கு வரிசையாகப் பரிமாறுவார்கள், அங்கே கடைசிக் கோப்பியோடு பேசலாம், பதினைந்து நிமிஷம் தாங்கும். இரவில் அங்கே கோட்டும் டையும் வேண்டும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்கள். குடிவகை ஓடுகிற விருந்தில் வருஷமும் இலக்கமும் எடுபடாது, கதைதான் எடுபடும், அதுவும் கிளை விடாத கதை.

நிதானமாகத் தமிழ் பேசினால் நிமிடத்துக்கு 90 சொல் அளவில் போகும். பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஆயிரம் சொல்லுக்கு மேல் வைத்திருக்காதீர்கள், சிரிப்புக்கும் இடைவெளி வேண்டும். தேர்தல் வேகத்தில் போனால் ஏழு நிமிஷத்தில் முடிந்து, மிச்ச நேரத்தை “ஆகவே அன்பர்களே” என்று நிரப்புவீர்கள். முழுவதையும் ஒருமுறை எழுதுங்கள், பிறகு தாளைத் தூக்கி வைத்துவிட்டு ஐந்து சிறு அட்டையில் ஐந்து தலைப்பு மட்டும் குறியுங்கள். முதல் இரண்டு வாக்கியமும் கடைசி இரண்டு வாக்கியமும் மனப்பாடம். நடுவில் தடுமாறலாம், ஒன்றும் ஆகாது. முடிக்கத் தெரியாமல் மூன்று முறை முடிப்பதுதான் சபை உறுப்பினர்களின் பெருநோய்.

தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, பிரதம விருந்தினர் அவர்களே என்று அடுக்கினால் நாலு நிமிஷம் போய்விடும், ஒருவர் பெயர் விட்டுப்போய் மனத்தாங்கலும் மிஞ்சும். தலைவருக்கு ஒரு வணக்கம், அவைக்கு ஒரு வணக்கம். சிங்களம் பேசுவோர் இருந்தால் முதல் இரண்டு வாக்கியத்தைச் சிங்களத்தில் சொல்லுங்கள், பேச்சின் நடுவில் ஒருமுறை திரும்பி வந்து அதுவரை சொன்னதை ஒரு வரியில் அவர்களுக்குக் கொடுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் மொழிபெயர்த்தால் இரண்டு தரப்பும் களைத்துவிடும்.

சிரிப்பு உங்களைப் பற்றியதாக இருக்கட்டும்: போன பதவி, தோற்ற பிரேரணை, பெயர்ப்பலகையில் பிழையாகப் போட்ட உங்கள் இனிஷியல். லயத்து வாழ்க்கையைச் சிரிப்பாக்காதீர்கள். “தோட்டக்காட்டான்” என்ற வசைச்சொல்லை வெளியார் நடுவில் தன்னைத்தானே சொல்லிச் சிரிக்க வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், கைதட்டு கிடைக்கும், அந்த மண்டபத்தில் தட்டு எடுத்துக்கொண்டிருக்கும் பையன் சிரிக்கமாட்டான். பாட்டு வருமானால் நாலு வரி பாடலாம். நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடித்தான் தொழிலாளரைத் திரட்டினார். குரல் இல்லாதவர் பாடினால் மக்கள் இரங்குவார்கள், கேட்கமாட்டார்கள்.

மைக்கை வாயிலிருந்து நாலு விரல் தூரத்தில் பிடியுங்கள். ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் நின்றால் கூவும், பெட்டிக்குப் பின்னால் நில்லுங்கள். ஆள் வருமுன் ஒருமுறை பேசிப் பாருங்கள், ஆனால் வெறும் மண்டபத்தில் எதிரொலி கூட, ஆள் நிரம்பினால் குறையும் என்பதை ஒலிக்காரரிடம் நினைவுபடுத்துங்கள். தகரக் கூரை மண்டபத்தில் பெருமழை பிடித்தால் கத்த வேண்டாம். நிறுத்திவிட்டு உட்காருங்கள். ஐந்து நிமிஷத்தில் ஓயாவிட்டால் சோற்றைத் திறக்கச் சொல்லுங்கள். அன்றைய மிகச்சிறந்த பேச்சாளர் என்ற பெயர் வரும். பேசுமுன் வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள், பால் டீ வேண்டாம், தொண்டை கட்டும். இஞ்சி போட்ட சாயத்தண்ணி போதும்.

பணம் பற்றி யாரும் பேசமாட்டார்கள், நீங்கள்தான் பேச வேண்டும். பொன்னாடை நிச்சயம், பஸ் காசு நிச்சயமில்லை. ஒத்துக்கொள்ளும் தொலைபேசி அழைப்பிலேயே போய்வரும் வாகனமும், பிந்தினால் தங்குமிடமும் யார் பொறுப்பு என்று கேளுங்கள். கூலி வாங்குவதாக இருந்தால் எல்லோரிடமும் ஒரே தொகை. அரசியல் கட்சியோ கம்பனியோ கொடுக்கிற விருந்தில் கூலி வாங்கியிருந்தால் அவர்களைப் பற்றி அந்த மாதம் பத்தி எழுதக்கூடாது, அல்லது வாங்கியதைப் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக ஒரு கொப்பி வேண்டும். தேதி, ஊர், யார் விருந்து, எந்தக் கதை சொன்னீர்கள், எது எடுபட்டது, எது விழுந்தது என்று அன்றிரவே எழுதிவிடுங்கள். ஹட்டனில் கேட்டவரே தலவாக்கலைக் கல்யாணத்திலும் கொட்டகலைப் பிரியாவிடையிலும் முன்வரிசையில் இருப்பார். இரண்டாவது தடவை அதே சீமெந்து மூட்டைக் கதையை நீங்கள் எடுத்தால், எண்ணிக்கையை உங்களுக்கு முன்னால் அவரே சொல்லிவிடுவார்.